67 வயதில் மருத்துவமனை திறந்த டாக்டர்! - புதுக்கோட்டை முத்துலட்சுமியும் நம்ம வீட்டு நாற்காலியும்

உங்க வீட்டுல 60 வயசைத் தாண்டினவங்க யாராவது இருக்காங்களா? பாட்டி, தாத்தா, ரிட்டையர் ஆன அப்பா... இந்த நிமிஷம் அவங்க என்ன செஞ்சுட்டு இருப்பாங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் டி.வி-க்கு எதிரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்தது வேற யாருமில்லை, நாமதான். தண்ணி எடுக்க எழுந்தா நாமே ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறோம். காய் நறுக்க வந்தா அரிவாள்மணையை வாங்கி வெச்சுடறோம். இவ்வளவு காலம் உழைச்சது போதும், இனியாவது உட்காரட்டும் என்கிற பாசம்.

அந்தப் பாசத்தில் ஒரு சிக்கல் இருக்கு. அதைப் புரிஞ்சுக்க, புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பார்க்கலாம். பெயர் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயரில் கேட்டிருப்பீங்க. 2019 ஜூலை 30 அன்று கூகுள் டூடுலாகவும் வந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவரை இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்று பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்திருக்கும். ரெண்டும் சரி. ஆனால் ரெண்டுமே அவருடைய 40 வயதைச் சுற்றி நடந்தவை. 60-க்கு மேல் அவர் என்ன செய்தார் என்பதை யாரும் பெரிசா பேசுறதில்லை. எனக்கு அந்தப் பகுதிதான் சுவாரஸ்யம்.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

1886 ஜூலை 30. புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம், தொண்டைமான் மன்னர்களின் ஆட்சி. தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் பிறந்தவர். அந்தத் திருமணத்தை அன்றைய ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சிறுமி முத்துலட்சுமி நன்றாகப் படித்தார். ஆனால் வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றது. அன்றைய வழக்கம் அது. பெண் பிள்ளை என்றால் வீட்டுக்குள், அடுத்தது கல்யாணம். அம்மாவுக்கும் அந்த எண்ணம்தான். அதாவது 13, 14 வயதிலேயே உட்கார வைக்கப்பட்டவர் அவர். 70 வயதில் நம்ம பாட்டிக்கு நாம் செய்வதை, அவருக்கு அந்த ஊர் சிறு வயதிலேயே செய்தது.

அவர் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பித்தார். ஆண்கள் படிக்கும் கல்லூரி அது. ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள், அதிலும் அவருடைய தாயின் பின்னணியைச் சொல்லிக் காட்டி. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்ளச் சொன்னதோடு உதவித்தொகையும் கொடுத்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார் முத்துலட்சுமி.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தணும். சின்ன வயசில் படித்ததற்கும் வயசான காலத்து மூளைக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்கலாம். நிறையவே இருக்கு. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை அது பட்டியலிட்டது. அவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால், உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவிகிதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. உடல் அசைவு இல்லாமை, தனிமை, காது கேளாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருக்கு. பட்டியலில் வாழ்க்கையின் தொடக்கத்தில் வரும் காரணம் ஒன்றே ஒன்றுதான்... கல்வி கிடைக்காமல் போவது.

படிப்பு மூளைக்குச் சேமிப்புக் கணக்கு மாதிரி. முதுமையில் மூளைக்குள் கொஞ்சம் சேதம் வந்தாலும், முன்பு சேர்த்து வைத்ததை எடுத்துச் சமாளிக்க முடிகிறது. சேமிப்பே இல்லாத மூளை சீக்கிரம் தடுமாறும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேர், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களில் 5.8 சதவிகிதம், பெண்களில் 9 சதவிகிதம். படிப்பு குறைந்தவர்களிடமும், கிராமங்களிலும் அதிகம். நம்ம பாட்டிகளில் எத்தனை பேரின் பள்ளிக்கூடம், வயதுக்கு வந்த நாளோடு நின்றுபோனது? கேட்டுப் பாருங்க.

வேகமாக ஓடிய 20 வருஷம்

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர் பட்டம். அரசு மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார். ரெண்டு மகன்கள், ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி. 1925-ல் மேல்பயிற்சிக்காக லண்டன் போனார். திரும்பி வந்ததும் சென்னை சட்ட மேலவை. 1927-ல் அதன் துணைத் தலைவர். தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானம், மசோதா, ஊர் முழுக்கச் சண்டை. 1930-ல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டார்.

இதை வேகமாகச் சொல்லிட்டேன், ஏன்னா இதெல்லாம் எங்கும் கிடைக்கும். ஆனால் பதவியை விட்ட அதே 1930-ல் அவர் வீட்டில் நடந்ததை மட்டும் கவனிங்க. தேவதாசி வாழ்க்கை வேண்டாம் என்று வந்த பெண் பிள்ளைகளுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. விடுதிகள் தயங்கின. தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அப்போது அவருக்கு 44 வயது. இன்னிக்கும் அடையாறில் அது இருக்கு.

55-க்குப் பிறகு

அந்தக் காலத்தில் அரசு வேலையில் ஓய்வு வயது 55. முத்துலட்சுமிக்கு 55 ஆனது 1941-ல். 1940-களில் ஒரு இந்தியரின் சராசரி ஆயுள் 32 வருஷத்தைச் சுற்றித்தான் இருந்தது. குழந்தைப் பருவத்திலேயே நிறைய பேர் இறந்ததால் வந்த சராசரி அது, உண்மைதான். இருந்தாலும் 55-ஐத் தாண்டிய ஒரு பெண்ணை அன்றைய சமூகம் எப்படிப் பார்த்திருக்கும்? திண்ணை, வெற்றிலைப் பெட்டி, பேரப்பிள்ளைகள். அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அவர் மனசில் வேற ஒண்ணு ஓடிக்கொண்டிருந்தது. 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்திருந்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியாமல் பக்கத்தில் நின்று பார்த்த மரணம். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கு என்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். யாரும் அவசரம் காட்டவில்லை. புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதான், அதற்கு எதற்குப் பணம் செலவழிக்கணும் என்பது அன்று டாக்டர்களிடமும் அதிகாரிகளிடமும் பரவலாக இருந்த எண்ணம்.

1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவர் தொடங்கி வைத்த போராட்டம் முடிவுக்கு வந்தபோது அவருக்கு 61 வயது. சரி, ஓய்வெடுக்கலாம் என்று முடிவெடுத்திருந்தால் அது நியாயமான முடிவு. அவரோ இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்ட ஆரம்பித்தார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியைப் புற்றுநோய் சிகிச்சை படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினார்.

நிதி திரட்டுறதுன்னா இப்போ மாதிரி வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்புற வேலை இல்லைங்க. ஆளைப் பார்க்கணும். வீடு ஏறணும், அலுவலகப் படி ஏறணும். அமைச்சருக்காகக் காத்திருக்கணும், இல்லைன்னு சொன்னா மறுபடி போகணும். பெயர்கள், தொகைகள், யார் என்ன வாக்கு கொடுத்தார்கள் என்பதெல்லாம் மண்டையில் இருக்கணும். மறுத்தவரிடம் அடுத்த முறை எப்படிப் பேசுவது என்று யோசிக்கணும்.

1952 அக்டோபர் 10-ம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அவருக்கு அப்போது 67 வயது. அதே 1954-ல் மாநில சமூக நல வாரியத்தின் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1956-ல் பத்மபூஷண்.

அப்படின்னா என்ன உடற்பயிற்சி செய்தார்?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். அவர் தினமும் இத்தனை கிலோமீட்டர் நடந்தார், இத்தனை சூரிய நமஸ்காரம் செய்தார் என்றெல்லாம் கதை விடப் போவதில்லை. முதுமையிலும் அவர் நாளெல்லாம் ஏதாவது ஒரு காரியத்துக்காக எழுந்து போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' மூளைக்கு எவ்வளவு என்பதை இப்போது அளந்து பார்க்கிறார்கள். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். 55 முதல் 80 வயது வரையிலான 120 பேர். பாதிப் பேர் வாரத்தில் 3 நாள், படிப்படியாக 40 நிமிடம் வரை நடந்தார்கள். மீதிப் பேர் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ், அதாவது ஞாபகங்களைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதி, சுமார் 2 சதவிகிதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு வயதுக்கேற்றபடி சுருங்கியிருந்தது. தசைகள் வேலை செய்யும்போது மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது. நரம்பு செல்களுக்கு உரம் மாதிரியான ஒரு புரதம் அதிகமாகச் சுரக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் நிற்பதால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடாமல் தப்பிக்கின்றன.

இது நடையின் கதை. உட்காருவதற்குத் தனிக் கதை இருக்கு. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய சுமார் 50,000 பேர் கையில் கருவி கட்டி, அவர்கள் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, பின்னர் வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டி உட்கார்ந்திருப்பவர்களிடம் டிமென்ஷியா ஆபத்து கிடுகிடுவென ஏறியது. தூக்கம் இந்தக் கணக்கில் சேராது. காலையில் பேப்பர், டிபன், சீரியல், மதிய சாப்பாடு, திரும்ப சீரியல், மொபைல், ராத்திரி செய்தி... 10 மணி நேரம் எவ்வளவு சுலபமாக வந்துடுது பாருங்க. உங்க நாளையும் இதே மாதிரி ஒரு தடவை கூட்டிப் பார்க்கலாம், தப்பில்லை.

எழுதுகிற நாற்காலி

ஆனால் முத்துலட்சுமியும் உட்கார்ந்துதான் இருந்தார், அவருடைய 70-களில். 1964-ல் தன் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார், 78 வயதில். நாற்காலியில் உட்காராமல் புத்தகம் எழுத முடியாது, இல்லையா?

இதற்கும் ஒரு பதில் இருக்கு. மேலே சொன்ன அதே ஆராய்ச்சிக் குழு, அதற்கு முந்தைய வருஷம் இன்னொன்றைப் பார்த்தது. உட்கார்ந்துகொண்டு டி.வி பார்ப்பவர்களிடம் ஆபத்து அதிகமாக இருந்தது. உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரைப் பயன்படுத்துபவர்களிடம் குறைவாக இருந்தது. இரண்டும் நாற்காலிதான். ஒன்றில் மூளையும் சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. மற்றொன்றில் தேடுகிறது, முடிவெடுக்கிறது, திருத்துகிறது. 60, 70 வருஷத்துக்கு முந்தைய புதுக்கோட்டை வகுப்பறையை, சட்ட மேலவை விவாதத்தை, நன்கொடை கேட்டுப் போன படிக்கட்டுகளை ஒவ்வொன்றாக நினைவில் தோண்டி எடுத்து வரிசைப்படுத்தும் வேலையைவிடக் கடினமான மூளைப் பயிற்சி என்ன இருக்க முடியும்?

ஒன்றைத் தெளிவா சொல்லிடறேன். இவர் சுறுசுறுப்பாக இருந்தார், அதனால்தான் ஞாபகசக்தி நிலைத்தது என்று ஒரே ஒரு வாழ்க்கையை வைத்து நிரூபிக்க முடியாது. எவ்வளவோ நடந்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் மறதி நோய் வந்திருக்கு. அது அவர்கள் செய்த தப்பு இல்லை. அதோடு, நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களே வெளியில் போவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்பதால், எது காரணம் எது விளைவு என்பதில் ஆய்வாளர்களுக்கே விவாதம் உண்டு. அப்படியிருந்தும் நடப்பதால் கிடைக்கும் நன்மை இதயத்தில் தொடங்கி எலும்பு வரை இத்தனை பக்கம் இருக்கும்போது, மூளைக்கு முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்க எந்த அவசியமும் இல்லை.

சைக்கிள் ஓட்டிய ஊர்

முத்துலட்சுமியை மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போக வைத்த அதே புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில் வேறொரு காட்சி நடந்தது. அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். விவசாயக் கூலிகள், கல் உடைக்கும் குவாரித் தொழிலாளிகள், ஆசிரியைகள், நர்ஸ்கள் என்று பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பக்கக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுதான் வசதி என்று சொன்னவர்களும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்க. அன்று 30 வயதில் பெடல் மிதித்தவருக்கு இன்று 60-ஐத் தாண்டிவிட்டது. எழுத்தும் சைக்கிளும் ஒரே நேரத்தில் கையில் கிடைத்த தலைமுறை அது. சிறு வயதில் கிடைக்காத படிப்பைத் தாமதமாகவாவது பிடித்தவர்கள். அவர்களில் பலர் இன்று பாட்டிகள். மகன் பைக்கில் கொண்டுபோய் விடுகிறான், ரேஷன் கடைக்குப் பேத்தி போகிறாள், சைக்கிள் துருப்பிடித்துக் கொல்லையில் கிடக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் சொந்தம் இருந்தால் இந்தக் கதையைக் கேட்டு வாங்குங்க. சொல்லும்போது அவங்க முகமே மாறும்.

சரி, பாட்டி திரும்ப சைக்கிள் ஏறணுமா? அவசியமில்லை. 65-ஐத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழாமல் இருக்க, உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி வாரத்தில் 3 நாள். ஜிம் எல்லாம் வேண்டாம், வீட்டு வேலை, தோட்ட வேலை, கடைக்கு நடந்து போவது எல்லாமே கணக்கில் சேரும். மூட்டு வலி, தலைச்சுற்றல், இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு மெதுவாகத் தொடங்கணும். நடக்கவே சிரமப்படுபவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் பார்த்துடுங்க. கேட்காதவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்குவார்கள், ஒதுங்கினால் வெளியே போக மாட்டார்கள், கடைசியில் அந்த நாற்காலிதான் மிஞ்சும்.

வேலையைப் பிடுங்காதீங்க என்பதுதான் என் கருத்து, உதவி செய்யாதீங்க என்று அர்த்தமில்லை. காய்கறி வாங்கும் பொறுப்பு பாட்டியுடையது என்றால், அதில் நடை இருக்கு, பேரம் இருக்கு, கணக்கு இருக்கு, வழியில் நாலு பேரிடம் பேச்சு இருக்கு. இது எல்லாத்தையும் ஒரு டெலிவரி ஆப் 10 நிமிஷத்தில் காலி பண்ணிடும்.

முத்துலட்சுமி ரெட்டி 1968 ஜூலை 22-ம் தேதி காலமானார். 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள்தான் பாக்கி. அவர் திறந்த 12 படுக்கை மருத்துவமனையில் 1955-ல் ஓர் இளம் டாக்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வளாகத்திலேயே குடியிருந்து, கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து அதை நாடறிந்த புற்றுநோய் மையமாக வளர்த்த வி.சாந்தாதான் அவர். 2021 ஜனவரி 19-ம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 93. கிட்டத்தட்ட கடைசி வரை மருத்துவமனை வேலையில்தான் இருந்தார்.